மத்தியானத்தில் திருந்திய பாட்டில்

அத்தியாயம் 9

திருடன் திருந்தி நான் பார்த்திருக்கிறேன். குடிகாரன் திருந்தியும் பார்த்திருக்கிறேன், ஒரு வாரத்துக்கு. ஒரு பாட்டில் திருந்திவிட்டது என்று எங்களைக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

போன் செய்தவர் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பதினாறு வருடமாக உதவியாளராக இருப்பவர். பிள்ளைகளுக்கு அவர் லேப் அக்கா. "மூணு மணிக்குள்ள வந்துடுங்க. அதுக்கப்புறம் வந்தா என் வேலை இருக்காது" என்று சொல்லிவிட்டு, அழாமல் போனை வைத்துவிட்டார். அழாதவர்களின் கேஸ் என்றால் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டுதான் மறுவார்த்தை பேசுவார்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணனுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில். அண்ணிக்குத் துப்பறிவது வேலை. அண்ணியின் ஸ்கூட்டரை ஓட்டுவதும், நடுநடுவே வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் வேலை. வேதியியலில் நான் இரண்டு முறை பெயிலானவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணி எப்படியும் சொல்லத்தான் போகிறார்.

ஒன்றரை மணி வெயிலில் மண்டை பிளக்க உள்ளே போனோம். பிரின்சிபல் அறைக் கதவைத் திறந்ததும் எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. பிரின்சிபல் மேடம் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ. அதன் கதவில் பாதி கிழிந்த காகித முத்திரை தொங்கியது. மூலையில் கேமரா பதிவுப் பெட்டி பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கொடுத்த டீ இரண்டு வாய் குடிப்பதற்குள் பச்சைத்தண்ணீர் ஆகிவிட்டது.

"மேடம், ஏசியைக் கொஞ்சம் குறைச்சா நான் பேச ஆரம்பிப்பேன்" என்றேன்.

"அதுக்கு இப்படியே இருக்கட்டும்" என்றார் அண்ணி.

"குறைக்க முடியாதுங்க" என்று மூக்கை உறிஞ்சினார் பிரின்சிபல். "அந்தக் கேமரா பெட்டி சூடானா நின்னுடுமாம். ராத்திரி பகலா ஓடணும்னு மாட்டினவர் சொல்லிட்டார். பெட்டி நல்லா இருக்கு. எனக்குத்தான் ஜலதோஷம்."

எதிர் நாற்காலியில் இருந்தவர் வேறு பள்ளியிலிருந்து செய்முறைத் தேர்வு நடத்த வந்த ஆசிரியர். இப்படி வருகிறவரைப் பள்ளிக்கூடத்தில் எக்ஸ்டர்னல் என்பார்கள். கஞ்சி போட்ட சட்டை. குரலிலும் கொஞ்சம் கஞ்சி.

"விஷயம் ரொம்பச் சின்னது" என்று ஆரம்பித்தார். "வினைவேகம் கண்டுபிடிக்கணும். வெள்ளைத் தாள்ல கறுப்பா ஒரு பெருக்கல் குறி. அது மேல கண்ணாடிக் குடுவை. குடுவையில தயோசல்பேட் கரைசல், தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். அதுல அமிலத்தை ஊத்தினா கந்தகம் பிரிஞ்சு மெல்ல மெல்லக் கலங்கும். மேலேருந்து பார்த்துக்கிட்டே இருந்து, குறி மறையற விநாடியை எழுதணும். கரைசல் சரியா இருந்தா நாற்பது விநாடி. காலையில பன்னிரண்டு பிள்ளைங்களுக்கும் சராசரி எழுபத்தாறு, எழுபத்தேழுன்னு வந்திருக்கு. கிட்டத்தட்ட இரட்டை."

"அப்படின்னா கரைசல்ல பாதி தண்ணி?" என்றார் அண்ணி.

"அதேதான். தயாரிச்சது அந்த லேப் அம்மா. கைத்தவறுன்னு விட்டிருப்பேன். ஆனா பன்னிரண்டு மணிக்கு மேடம் முன்னாடி அதே பாட்டில்லேருந்து எடுத்து நானே செஞ்சேன். நாற்பத்தொரு விநாடி! காலையில தப்பா இருந்த பாட்டில் மத்தியானம் எப்படிங்க சரியாகும்? நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க. பதினோரு மணிலேருந்து லேப்ல இருந்தது அந்தம்மா மட்டும்தான்."

"செஞ்ச தப்பை மறைக்கறதுக்காகவா?" என்றார் அண்ணி.

"சாட்சி வேணும்னா இதோ." ஆய்வகத்திலிருந்து அப்போதுதான் கொண்டுவந்த இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை மேசையில் வைத்தார். லேபிளில் நீல மை கலைந்து வழிந்திருந்தது. "நனைச்சுப் பிய்ச்சு வேற பாட்டில்ல ஒட்டியிருக்காங்க. மூணு மணிக்கு என் அறிக்கை போயிடும். முதல் பேட்ச் தேர்வு ரத்து. அந்தம்மா மேல நடவடிக்கை."

"பாட்டிலையே மாத்தத் தெரிஞ்சவங்களுக்குப் புது லேபிள் எழுத ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கலையா சார்?" என்றேன். அண்ணி மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அதாவது நல்ல கேள்வி என்று அர்த்தம்.

ஆய்வகம் எதிர்ப்பக்கம். நீளமான மேசைகள், வளைந்த குழாய்கள், அழுகின முட்டையும் தீக்குச்சியும் கலந்த ஒரு வாடை. கழுவிக் கவிழ்த்த குடுவைகளுக்கு நடுவில் லேப் அக்கா நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. கை மட்டும் துணியால் ஒரு குடுவையைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

"நான் மாத்தலைங்க. நேத்து சாயங்காலம் எடை போட்டுக் கரைச்சேன். சார் அப்பவே எடுத்துக்கிட்டுப் போய்ப் பூட்டி முத்திரை வெச்சுட்டார். இன்னிக்கு அவரே கொண்டாந்தார். தேர்வு நடக்கும்போது நான் வாசல்ல நிக்கணும், அது விதி. முடிஞ்சப்புறம்தான் பாத்திரம் கழுவ உள்ள விட்டாங்க."

"என்னென்ன கழுவினீங்க?" என்றார் அண்ணி.

"முப்பத்தாறு குடுவை. இருபத்து நாலு அளவு ஜாடி. ஒரு தெர்மாமீட்டர்."

"ஒண்ணே ஒண்ணா?"

"பதிமூணு வெச்சேன். பிள்ளைங்களுக்குப் பன்னிரண்டு, சாருக்கு ஒண்ணு. ஒண்ணுதான் நனைஞ்சு வந்துச்சு. மத்ததெல்லாம் உறையை விட்டு வெளியவே வரலை."

அண்ணி அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு அதில் எழுத என்ன இருக்கிறது என்று புரியவில்லை. புரிந்திருந்தால் ஸ்கூட்டரை அவர் ஓட்டியிருப்பார்.

அடுத்து விடைத்தாள்கள். பிரின்சிபலும், கோப்போடும் பாட்டிலோடும் எக்ஸ்டர்னலும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். அதெல்லாம் ரகசியம் என்று எக்ஸ்டர்னல் குதித்தார். "உங்க கையிலேயே வெச்சுக்கங்க சார், வாய்விட்டுப் படிச்சா போதும்" என்றார் அண்ணி. "சராசரி வேண்டாம். ஒவ்வொருத்தரும் மூணு தடவை செஞ்சிருப்பாங்களே, அதை வரிசையாப் படிங்க."

"எண்பத்து மூணு, எழுபத்தாறு, அறுபத்தொன்பது."

"அடுத்தது?"

"எண்பத்து நாலு, எழுபத்தேழு, எழுபது."

ஐந்தாவது தாள் வரும்போது எனக்கே உறைத்தது. "எல்லாருக்கும் இறங்கிக்கிட்டே வருதே அண்ணி!"

"தம்பி, பால்காரர் பால்ல தண்ணி கலந்துட்டார்னு வை. நீ என்ன பண்ணுவ?"

"சண்டை போடுவேன்."

"போட்டு முடிச்சிட்டு அந்தப் பாலை அப்படியே வெச்சிருந்தா, மத்தியானத்துக்குள்ள தானா கெட்டியாகுமா?"

"அப்படித் தானா ஆச்சுன்னா நமக்கு ஏன் வேலை?"

"இது ஆகியிருக்கு." அண்ணி எக்ஸ்டர்னல் பக்கம் திரும்பினார். "காலையில நீங்க இதே ரூம்ல உக்காந்திருக்கும்போதே, உங்க கண்ணு முன்னாடியே இந்தக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாத் திருந்தியிருக்கு சார். அப்ப லேப் அக்கா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. இது யாரோ மாத்தின பாட்டில் இல்ல. தானா மாறின பாட்டில். மூணையும் கூட்டி மூணால வகுத்தீங்க பாருங்க, அதுல இது மறைஞ்சு போச்சு."

லேப் அக்கா துடைப்பதை நிறுத்தினார்.

"கரைசல் தானா அடர்த்தி ஆகாது" என்றார் எக்ஸ்டர்னல். கஞ்சி கொஞ்சம் இளகியிருந்தது.

"அடர்த்தி ஆகலை. வேற ஏதோ ஆகியிருக்கு. அந்தத் தாள்ல நேரத்தைத் தவிர வேற என்ன எழுதணும்?"

"தேதி, தேர்வு எண், கரைசலோட வெப்பநிலை."

"வெப்பநிலையைப் படிங்க."

"முப்பது. முப்பது. முப்பது. முப்பது..." ரயில் வண்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தவர் ஒன்பதாவது தாளில் நின்றார். "இதுல மட்டும் இருபதுன்னு எழுதி, அடிச்சிட்டு, முப்பதுன்னு எழுதியிருக்கு."

"பன்னிரண்டு தாள்ல பன்னிரண்டு முப்பது. நனைஞ்ச தெர்மாமீட்டர் ஒண்ணு" என்றார் அண்ணி. "அந்த அடிச்ச பிள்ளையைக் கொஞ்சம் கூப்பிடுங்க மேடம்."

தாளில் இருந்த தேர்வு எண்ணைப் பார்த்ததுமே பிரின்சிபலுக்கு ஆள் தெரிந்துவிட்டது. "கேள்விக்குறியா? எதைச் சொன்னாலும் ஏன்னு கேக்கும். நோட்டுல எழுதிக் கொடுத்ததைக்கூட நம்பாது."

ஒல்லியான பெண் ஒருத்தி வந்து வாசலிலேயே நின்றாள். பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டோம் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"இருபதுன்னு எழுதிட்டு ஏம்மா அடிச்ச?" என்று கேட்டார் அண்ணி.

"தெர்மாமீட்டர்ல இருபதுன்னுதான் காட்டுச்சு மேடம். ஆனா மாதிரி நோட்டுல முப்பதுன்னு இருக்கு. பக்கத்துல எல்லாரும் முப்பதுன்னு எழுதிட்டாங்க. என் தெர்மாமீட்டர்தான் ரிப்பேர்னு நினைச்சேன்."

"பாட்டில் எப்படி இருந்துச்சு?"

"வேர்த்திருந்துச்சு. எடுத்ததும் கையெல்லாம் ஈரம். லேபிள் மை என் விரல்ல ஒட்டிக்கிச்சு." விரலைக் காட்டினாள். நீலம் இன்னும் போகவில்லை.

எக்ஸ்டர்னல் லேபிளைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். பிறகு எதையும் பார்க்கவில்லை.

"வேற என்ன தப்பு பண்ணின?" என்று கேட்டேன். தப்புகளில் எனக்கு ஓர் ஈடுபாடு உண்டு.

"வாய்மொழிக் கேள்வியில ஒண்ணு போச்சு சார். அந்தக் குழாய்ல இருக்கற வாயு என்ன நிறம்னு கேட்டாங்க. வெளிர் மஞ்சள்னு சொன்னேன். விடை செம்பழுப்பாம்."

எக்ஸ்டர்னலின் பெட்டியில் கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். இரண்டு முனையும் உருக்கி மூடியது. உள்ளே இருந்த வாயு எனக்கே தெரியும்படி செம்பழுப்பாகத்தான் இருந்தது.

"இப்ப பழுப்பாத்தான் இருக்கு" என்றாள் கேள்விக்குறி. "காலையில இல்ல மேடம். நான் நிஜமாவே பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

"மத்த பதினோரு பேரும் செம்பழுப்புன்னுதானே சொன்னாங்க?" என்றார் எக்ஸ்டர்னல்.

"மத்தவங்க மனப்பாடம் பண்ணினதைச் சொன்னாங்க. நீங்க விடைப் பட்டியலைப் பார்த்தீங்க. குழாயைப் பார்த்தது இவ ஒருத்திதான்" என்றார் அண்ணி.

அப்போதுதான் லேப் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். "குளிர்! ஐயோ, குளிருங்க! இந்தப் பாட்டிலும் குழாயும் ராத்திரி முழுக்க எங்கேயோ குளிர்ல இருந்திருக்கு!"

எங்கள் தொழிலில் குற்றம் சாட்டப்பட்டவரே துப்பறிந்து முடிப்பது அபூர்வம். அண்ணி ஒதுங்கி நின்று வழி விட்டார்.

"அந்தக் குழாய்ல ரெண்டு வாயு இருக்கு" என்று லேப் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். வகுப்பிலேயே மக்கு யார் என்று அவர்களுக்கெல்லாம் எப்படித்தான் தெரிகிறதோ. "ஒண்ணு பழுப்பு. அதுல ரெண்டு ரெண்டா ஜோடி சேர்ந்தா நிறமில்லாத இன்னொண்ணு ஆயிடும். சேர்றதும் பிரியறதும் நிக்கவே நிக்காது. ஒரு விநாடியில சேர்ற அளவும் பிரியற அளவும் சமமாயிட்டா, வெளியிலேருந்து பார்க்கறதுக்கு நிறம் அப்படியே நிக்கற மாதிரி இருக்கும். அதுதான் சமநிலை. குளிர்ல வெச்சா ஜோடிங்க ஜாஸ்தியாகும், வெளுக்கும். சூட்டுல பிரியறது ஜாஸ்தியாகும், கறுக்கும்."

"குளிர்ல குடித்தனம், வெயில்ல விவாகரத்து" என்றேன்.

"இதை வகுப்பிலேயே இப்படிப் புரிஞ்சிருந்தா பாஸாகியிருப்ப" என்றார் அண்ணி. "கரைசல் கதையும் அதேதானே?"

"ஆமாங்க. இந்த வினையில பத்து டிகிரி குறைஞ்சா வேகம் ஏறக்குறைய பாதியாயிடும். நாற்பது விநாடி எண்பது ஆகும்."

"சொன்னா போதாது. காட்டணும்" என்றார் எக்ஸ்டர்னல்.

காட்டினோம். கேன்டீனிலிருந்து நான் ஒரு வாளி ஐஸ் தூக்கி வந்தேன். அதே பாட்டிலிலிருந்து லேப் அக்கா இரண்டு குடுவையில் ஊற்றினார். ஒன்று மேசையில் இருந்தது. மற்றொன்றையும் அமிலத்தையும் ஐஸ் தண்ணீரில் வைத்து, தெர்மாமீட்டர் இருபதைத் தொட்டதும் எடுத்தார். ஸ்டாப்வாட்ச்சை எக்ஸ்டர்னல் யாரிடமும் கொடுக்கவில்லை.

முதல் குடுவை பால் போலக் கலங்கியது. கறுப்புக் குறி மங்கி, கரைந்து, காணாமல் போனது.

"நாற்பது" என்றார்.

இரண்டாவது குடுவை நிதானமாக இருந்தது. நாற்பதில் குறி பளிச்சென்று தெரிந்தது. அறுபதில் லேசாகப் புகை மூட்டம். எல்லோரும் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு பெருக்கல் குறிக்காக என் இதயம் இப்படி அடித்துக்கொண்டது, கணக்குப் பரீட்சைக்குப் பிறகு அன்றுதான்.

"எண்பத்தொண்ணு."

இதற்குள் கேள்விக்குறி அந்தக் குழாயைத் துணியில் பிடித்து ஐஸ் வாளியில் இறக்கியிருந்தாள். வெளியே எடுத்தபோது செம்பழுப்பு ஓடிப்போயிருந்தது. வெளிர் மஞ்சள். அவள் அதை எக்ஸ்டர்னலிடம் நீட்டவில்லை. தன் கண் எதிரே உயர்த்திப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மணி இரண்டே முக்கால். கேஸ் முடிந்தது என்று நான் சாவியை எடுத்தேன். எக்ஸ்டர்னல் விடவில்லை. மனிதர் பிடித்த பிடியில் இருந்தார்.

"சரி, தண்ணி கலக்கலை. மாத்தலை. ஆனா தேர்வுக் கரைசலைக் குளிர்ல வெச்சது யாரு? அதுவும் பொறுப்பில்லாத்தனம்தானே? அதை அறிக்கையில எழுதியே ஆகணும்!"

"எழுதணும் சார், கண்டிப்பா எழுதணும்" என்றார் அண்ணி. எனக்கு அந்தக் குரல் தெரியும். வீட்டில் கடைசி முறுக்கை யார் தின்றது என்று விசாரிக்கும் குரல். "தம்பி, நீ குடிச்ச டீ எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு வாய்க்குள்ள பச்சைத்தண்ணி அண்ணி."

"எந்த ரூம்ல?"

எல்லோர் தலையும் பிரின்சிபல் அறைப் பக்கம் திரும்பியது. பிரின்சிபல் தும்மினார்.

அண்ணி அங்கே போய், பீரோவில் தொங்கிய காகித முத்திரையைப் பிரித்துக் கொண்டுவந்தார். "கையெழுத்து நல்லா இருக்கு. 'நேற்று மாலை ஆறு மணி முதல் இன்று காலை எட்டு ஐம்பது வரை, கரைசல் பாட்டில்களும் குழாயும் என் பொறுப்பில்'னு எழுதியிருக்கு. கீழ பேரும் இருக்கு. நானே படிக்கணுமா சார்?"

எக்ஸ்டர்னல் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி. தேர்வுக்கு முன்னாடி கரைசலைச் சரிபார்த்து ஒரு படிவம் நிரப்பியிருப்பீங்களே. அதுல வெப்பநிலைன்னு ஒரு கட்டம் இருக்கும்."

அவர் கையிலிருந்த கோப்பைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. பதின்மூன்று தெர்மாமீட்டரில் ஒன்றுதான் நனைந்தது. அது அவருடையது இல்லை.

"முப்பதுன்னு போட்டிருக்கேன்" என்றார் கடைசியில். குரலில் கஞ்சி சுத்தமாகப் போய்விட்டது. "எப்பவும் முப்பதுதான் போடறது. இருபத்திரண்டு வருஷமா பிள்ளைங்களைக் கேக்கறேன், சூடு குறைஞ்சா வேகம் என்ன ஆகும்னு. எனக்கே..." அவர் லேப் அக்கா பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்கம்மா."

பரவாயில்லை சார் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நம் ஊர்ப் பழக்கம் அது. லேப் அக்கா சொல்லவில்லை.

"மூணு மணி நேரம் நான் திருடியா இருந்தேன் சார். வாயால சொன்னீங்க, பரவாயில்ல. அறிக்கையிலயும் எழுதிட்டீங்கள்ல? அதை அடிச்சிட்டு, இப்ப சொன்னதையும் அதே மாதிரி எழுத்துல எழுதுங்க." சொல்லி முடித்த பிறகுதான் அழுதார். எனக்கும் கண்ணில் ஏதோ பட்டது. கந்தகம்தான் என்று அண்ணியிடம் சொல்லி வைத்தேன்.

எக்ஸ்டர்னல் அங்கேயே நின்றபடி எழுதினார். முதல் பேட்ச்சுக்கு ரத்து இல்லை. கரைசல் குளிர்ந்திருந்ததைப் பார்க்காமல் விட்டது தேர்வாளரின் தவறு என்று எழுதி, மறுபடி கையெழுத்துப் போட்டார். வாய்மொழியில் கேள்விக்குறிக்குப் போன மதிப்பெண்ணும் திரும்பி வந்தது.

அவள் நகரவில்லை. "அப்ப நான் இருபதுன்னு எழுதினது தப்பில்லையா மேடம்?"

"இருபது தப்பில்லம்மா" என்றார் அண்ணி. "அது மேல போட்ட கோடுதான் தப்பு."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, "அந்தப் பதினோரு பேர் பார்க்காமலே எழுதினது?" என்றாள். அண்ணி நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். நானாக இருந்தால் தெர்மாமீட்டரை உறையிலிருந்து எடுக்காமலே முப்பது என்றுதான் எழுதியிருப்பேன். அதனால் நான் கூரையைப் பார்த்தேன்.

இரண்டாவது பேட்ச் மூன்று மணிக்கு. லேப் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு மேசை குடுவைகளை வைத்தார். தெர்மாமீட்டர்களை இந்தத் தடவை உறையிலிருந்து அவரே உருவி வைத்தார். பதின்மூன்றாவதை எக்ஸ்டர்னலின் கையில் கொடுத்தார்.

அவர் அதைப் பாட்டிலில் விட்டார். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்தார். பேனாவை எடுத்தவர் எழுதாமல் மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"முப்பத்தொண்ணு" என்றார்.